கிணற்றில் பெட்ரோல் வாடை: சுத்தம் செய்ய லட்சமா, கோடியா?

கேள்வி சுருக்கமாக இது: வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. இரண்டு வாரமாகக் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இதைச் சுத்தம் செய்ய முடியுமா, முடியும் என்றால் செலவு லட்சத்தில் வருமா, கோடியில் வருமா?

முடியும். செலவைப் பொறுத்தவரை இரண்டுமே நடக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: யாருக்கும் தெரியாமல் எத்தனை நாள் கசிந்தது? எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்வி. கலிபோர்னியாவில் பெட்ரோல் பங்க் கசிவுகளைச் சுத்தம் செய்யும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் கணக்குகள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குகளாகவே இருக்கும். இந்த வேலையை லட்சக்கணக்கான இடங்களில் செய்து, செலவையும் எழுதி வைத்த நாடு அது.

செலவைப் பேசுவதற்கு முன் இன்று மாலையே செய்ய வேண்டியவை. திறந்த கிணறு என்றால் அருகில் பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் வேண்டாம். மோட்டார் சுவிட்ச் கிணற்று மேட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். உள்ளே இறங்கிப் பார்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் பயன்படுத்த வேண்டாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சும்போது தண்ணீரில் இருப்பது சமையலறைக் காற்றுக்குப் போகும், அதை நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள். அவ்வளவுதான் நடக்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை நம்பியும் இதைக் குடிக்கக் கூடாது. அது இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல.

பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று, நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் நமக்குக் கவலை தருவது முக்கியமாகப் பென்சீன். புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டது, தண்ணீரிலும் ஓரளவு நன்றாகவே கரையும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 5, கலிபோர்னியாவில் 1. இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவில் விற்கும் பி.எஸ்.-6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கலாம். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் பத்து மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 8.8 கிராம் பென்சீன். அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை எட்டும் அளவுக்கு 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் எழுபத்து மூன்று லாரித் தண்ணீர். ஸ்கூட்டர் தொட்டியை நிரப்பும்போது சிந்துகிற பெட்ரோலைப் பார்த்தால் எனக்கு இன்றும் இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று: பென்சீன் தனியாக மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அது வரம்பைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை இல்லை என்பதற்காக அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்பது புரியும். தொட்டியிலிருந்தோ குழாய் இணைப்பிலிருந்தோ கசிந்த பெட்ரோல் நேராகக் கீழே இறங்குகிறது. போகிற வழியெல்லாம் மண்துகள்களில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட இலேசானது என்பதால் அங்கேயே மிதந்து பரவுகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும்; அதனுடன் பெட்ரோலும் ஏறி இறங்கி அந்த உயரம் முழுவதும் மண்ணில் பூசிவிடுகிறது. மிதப்பதன் அடியில் உரசிச் செல்லும் நீரில் பென்சீனும் அதன் உறவுக்காரச் சேர்மங்களும் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் வாலைப் போல நீள்கின்றன. உங்கள் கிணற்றுக்கு வந்திருப்பது அந்த வாலா, மிதக்கும் பெட்ரோலேவா என்பதுதான் முதல் கேள்வி.

அதைப் பார்க்கும் முறை மிக எளியது. கண்காணிப்புக் கிணறு என்று இரண்டு அங்குலக் குழாயை நிலத்தில் இறக்கியிருப்போம். அதற்குள் பெயிலர் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழலைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கித் தூக்குவோம். ஒரு நாள் காலையில் நான் தூக்கிய குழலின் அடியில் முக்கால்வாசி கலங்கலான தண்ணீர், அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தேன் நிறத்தில் பெட்ரோல், இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதைப் போல ஒரு கோடு. அந்த பங்கின் உரிமையாளர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கேட்டது, 'இதை வடிகட்டித் திரும்ப விற்கலாமா?' என்று. சிரிப்பதா என்று தெரியவில்லை. அவருக்கு வரப்போகும் பில் எனக்குத் தெரியும்.

மிதக்கும் பெட்ரோல் இருக்கும்வரை வேறு எந்தச் சுத்திகரிப்பும் வீண். ஊற்றிக்கொண்டே இருக்கும் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதைப் போல. முதலில் கசிவை நிறுத்த வேண்டும், பிறகு மிதப்பதை முடிந்தவரை எடுக்க வேண்டும். அமெரிக்க விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பெட்ரோலை மட்டும் உறிஞ்சும் பம்ப் உண்டு. அதைவிட நன்றாக வேலை செய்வது வெற்றிடத்தால் ஆவியையும் பெட்ரோலையும் தண்ணீரையும் ஒன்றாக இழுக்கும் முறை. ஆனால் மண்துகள்களுக்கிடையே ஒட்டிக்கொண்ட பெட்ரோல் எந்தப் பம்புக்கும் வராது. அதற்கு மண்ணுக்குள் காற்றை ஓட்டி ஆவியாக்க வேண்டும். பெட்ரோல் எளிதில் ஆவியாவது இங்கே நமக்கு உதவுகிறது. டீசலுக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைக் குமிழாக ஊதுவதும் உண்டு. குமிழ்கள் பென்சீனை மேலே தூக்கி வரும், கூடவே மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனும் கிடைக்கும்.

தண்ணீரை மேலே இறைத்துச் சுத்தம் செய்யும் முறைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. உயரமான கோபுரத்தில் தண்ணீரை மேலிருந்து சிதறவிட்டு, கீழிருந்து காற்றை ஊதினால் பென்சீன் காற்றோடு போய்விடும். அல்லது கரி நிரம்பிய பெரிய பீப்பாய்கள் வழியாகத் தண்ணீரை அனுப்பலாம். பீப்பாய்களை எப்போதும் இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வைப்போம். இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுப்போம். முதல் பீப்பாய் நிறைந்து பென்சீன் தாண்டி வரத் தொடங்கினால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அப்போது இரண்டாவதை முதலாக மாற்றி, புதுக் கரியைப் பின்னால் வைப்போம். கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறையில் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்று பட்டதும் செம்மண் சேறாகி எல்லாவற்றையும் அடைக்கும். என் வேலை நாட்களில் பாதி, பென்சீனோடு போராடியதைவிட இந்தத் துருச்சேற்றைச் சுரண்டியதில்தான் போயிற்று.

இறைத்துச் சுத்தம் செய்வதில் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. முப்பது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தடிமன் உள்ள பகுதி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் கால் பங்கு இடைவெளி என்றால் அதில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் இறைத்தால் இருபத்து நான்கு நாளில் முடிந்துவிட வேண்டும். நடப்பது வேறு. முதல் மாதங்களில் அளவு மளமளவென்று இறங்கும். பிறகு ஓரிடத்தில் பிடிவாதமாக நின்றுவிடும். பம்பை நிறுத்தினால் மீண்டும் ஏறும். களிமண்ணிலும் மண்துகள் இடுக்கிலும் பதுங்கியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருவதுதான் காரணம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் இப்படி இறைத்துச் சுத்தம் செய்த 77 இடங்களைப் பரிசீலித்தபோது, இலக்கை எட்டியிருந்தவை எட்டு மட்டுமே. முதல் தொண்ணூறு சதவீதத்தை எடுக்க ஆகும் பணத்தைவிடக் கடைசிப் பத்தை எடுக்க ஆகும் பணம் அதிகம் என்று எங்கள் தொழிலில் சொல்லிக்கொள்வோம்.

காலம் எப்படிப் பணமாகிறது என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது மேரிலாந்து மாநிலத்தின் ஜாக்சன்வில் கதை. பால்டிமோர் நகருக்கு வடக்கே இருக்கும் சிற்றூர். வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறுதான். நான்கு சாலைகள் சந்திக்கும் இடத்தில் எக்ஸான் பங்க். 2006 ஜனவரியில் அங்கே வேலை செய்த ஒப்பந்தக்காரர் ஒருவர் நிலத்தடியில் போகும் பெட்ரோல் குழாயைத் துளைத்துவிட்டார். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி உண்மையில் எச்சரித்தது. ஆனால் கருவிதான் பழுது என்று நினைத்து, அதைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டுவிட்டார்கள். பிப்ரவரி நடுவில் கண்டுபிடிக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஓடியது, 26,000 காலன். ஏறத்தாழ 98,000 லிட்டர். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் லிட்டர் காணாமல் போயிருக்கிறது. தினசரி இருப்புக் கணக்கில் அது தெரிந்திருக்க வேண்டும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஊரின் அடியில் இருப்பது வெடிப்புகள் ஓடும் கடினப் பாறை. மணலில் பெட்ரோல் வட்டமாகப் பரவும், எங்கே போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பாறையில் அது வெடிப்பின் வழியே ஓடும். அடுத்த வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டுப் பத்தாவது வீட்டுக் கிணற்றில் வரும். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால்வாசி கடினப் பாறைதான் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எக்ஸான்மொபில் 2008-இல் மாநில அரசுக்கு 40 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2009-இல் ஒரு நடுவர் குழு ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு 15 கோடி டாலர் இழப்பீடு என்றது. 2011-இல் இன்னொரு குழு மற்றக் குடும்பங்களுக்கு 150 கோடி டாலர் என்றது, அதில் 100 கோடி தண்டனைத் தொகை. 2013-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தொகையை முற்றாகவும் இழப்பீட்டில் பெரும் பகுதியையும் தள்ளுபடி செய்தது. எது நியாயம் என்பதை விட்டுவிடுவோம். ஓட்டை விழுந்த முதல் நாளே அந்த எச்சரிக்கையை நம்பியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு, மண்ணைத் தோண்டி எடுக்கும் சில நாள் வேலை.

நகராட்சி அளவில் இதே கதை சான்டா மோனிகாவில் நடந்தது. அங்கே வில்லன் பென்சீன் அல்ல, எம்.டி.பி.இ. என்ற சேர்மம். பெட்ரோல் சுத்தமாக எரியட்டும் என்று கலந்தார்கள். அது தண்ணீரில் பென்சீனைவிடப் பல மடங்கு அதிகம் கரையும், மண்ணில் ஒட்டாது, கரியிலும் சரியாகப் பிடிபடாது, பாக்டீரியாவும் அதை எளிதில் தின்னாது. 1996-இல் அந்த நகரம் தன் கிணறுகளை மூடியபோது குடிநீரில் பாதி போயிற்று. எண்ணெய் நிறுவனங்களோடு வழக்கு, உடன்பாடு, மீண்டும் பேச்சு என்று ஓடி, சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிக் கிணற்று நீரைத் திரும்பக் குழாயில் விட 2010 டிசம்பர் ஆயிற்று. நடுவில் பதினான்கு ஆண்டுகள் தண்ணீரை வெளியிலிருந்து விலைக்கு வாங்கினார்கள். டாஹோ ஏரியின் தென்கரையில் ஒரு குடிநீர் வாரியம் தன் 34 கிணறுகளில் மூன்றில் ஒரு பங்கை இழந்து வழக்குப் போட்டு, 2002-இல் மொத்தம் 6.9 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. கலிபோர்னியா எம்.டி.பி.இ.யைத் தடை செய்த பின்னணி இதுதான்.

இவையெல்லாம் தலைப்புச் செய்தியான கசிவுகள். பெரும்பாலானவை இப்படி இல்லை. அமெரிக்காவில் 1980-களிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்தடித் தொட்டிக் கசிவுகள் பதிவாகி, அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுத்தம் செய்து முடிக்கப்பட்டுவிட்டன. கசிவு நிலத்தடி நீரைத் தொட்டுவிட்ட ஓர் இடத்துக்கு ஒரு லட்சம் டாலரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேலும் ஆகலாம் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. நீரைத் தொடாமல் மண்ணோடு நின்றுவிட்டால் செலவு அதைவிட வெகுவாகக் குறையும். என் அனுபவத்தில் இந்தப் பணத்தின் கணிசமான பகுதி எந்த இயந்திரத்தையும் இயக்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும்: துளை போடுவது, மாதிரி எடுப்பது, ஆய்வகக் கட்டணம், அறிக்கை. பிறகு மின்கட்டணம், கரி மாற்றுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி. ஆண்டுக்கணக்கில் இது ஓடும். இயந்திரத்தின் விலை பில்லில் ஒரு வரிதான்.

செலவைக் குறைக்கும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1995-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிபோர்னியாவின் 271 கசிவிடங்களை அலசியது. பத்தில் ஒன்பது இடங்களில் பென்சீன் வால் 255 அடிக்குள், அதாவது எண்பது மீட்டருக்குள் நின்றுவிட்டிருந்தது. மண்ணில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்றுகொண்டே இருப்பதுதான் காரணம். கசிவு நின்று, மிதப்பதும் எடுக்கப்பட்டு, அருகில் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்றால், கண்காணித்துக்கொண்டு இயற்கையிடம் விட்டுவிடலாம் என்ற முடிவுக்குப் பல மாநிலங்கள் வந்தன. கலிபோர்னியாவும் 2012-இல் குறைந்த ஆபத்துள்ள இடங்களின் கோப்பை மூட ஒரு கொள்கையே வகுத்தது. நானும் ஆரம்பத்தில் இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். பாதி இடங்களில் எங்கள் இயந்திரம் செய்ததைவிடப் பாக்டீரியா அதிகம் செய்தது என்பதைக் காகிதத்தில் பார்த்தபிறகு மனம் மாறினேன்.

ஆனால் உங்களுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. இரண்டு காரணங்கள். அறுபது மீட்டர் என்பது அந்த எண்பதுக்குள்ளே இருக்கிறது. நீங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள். இரண்டாவது, இப்போது நம் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறோம். பாக்டீரியாவுக்குப் பென்சீனைவிட எத்தனால் ருசி. முதலில் அதைத் தின்று, இருக்கும் ஆக்சிஜனையெல்லாம் தீர்த்துவிடும். பென்சீன் அதுவரை தீண்டப்படாமல் நகர்ந்துகொண்டிருக்கும், வால் நீளும்.

நம்மூரில் இது நடக்காததல்ல. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் நிலத்தடிக் குழாயில் கசிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின் நிலையத்திலிருந்து வந்த எண்ணெய் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையில் இறங்கியது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் தர வேண்டும் என்றது. அது கிணற்றுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தலைக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். ஒரு கிணற்றின் விலை அதுவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் பையிலிருந்து போக வேண்டிய பணம் எது? நீர்ப்படுகையைச் சுத்தம் செய்வது உங்கள் வேலையல்ல, உங்களால் ஆகவும் ஆகாது. கெடுத்தவர் கட்ட வேண்டும் என்பதை இந்திய நீதிமன்றங்கள் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கின்றன. அதற்குப் பங்கிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க வேண்டும், அங்கேதான் உங்கள் செலவு. ஆய்வகத்தில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் கேளுங்கள். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் இவை இருக்காது. உப்பையும் கடினத்தன்மையையும் பார்த்துவிட்டு, 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாதிரியை ஆய்வகம் தரும் நாற்பது மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழ் தெரிந்தாலும் அது வேண்டாம், பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விடும். புதுக் குப்பியில் மறுபடி எடுங்கள். உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். உங்கள் கிணற்றில் மட்டும் எடுக்காமல், பங்கின் இரு பக்கமும் நான்கைந்து கிணறுகளில் ஒரே நாளில் எடுங்கள். எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் இல்லை என்பதே பாதி சாட்சி.

அறிக்கை கைக்கு வந்ததும் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள், எண்ணெய் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி. அதில் இரண்டே கோரிக்கை வையுங்கள். தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் அழுத்தப் பரிசோதனை. கடந்த மூன்று மாதத்துக்கான இருப்புப் பதிவேட்டின் நகல். ஒவ்வொரு பங்கிலும் காலையில் தொட்டிக்குள் பித்தளைக் கோலை விட்டு இருப்பை அளந்து எழுதுவார்கள், அல்லது கருவியே பதிவு செய்யும். வந்த லோடு, விற்ற லிட்டர், மீதி இருப்பு மூன்றையும் யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.

அதுவரை குடிக்க லாரித் தண்ணீர் வாங்குங்கள். ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.